பெயரும் பழியும்

திருமுழுக்குச் சடங்கில் திருச்சபை பெற்றோரிடம் கேட்கும் முதல் வினா, குழந்தைக்கு என்ன பெயர் என்பதாகும். அன்று சொல்லப்படும் பெயர் பங்கின் ஏட்டில் பதிவாகிறது. உறுதிபூசுதலிலும் திருமணத்திலும் அப்பெயரே ஒலிக்கிறது. இறுதியில் கல்லறையருகே நின்று மன்றாடும்போதும் அதே பெயரைச் சொல்லித்தான் திருச்சபை அவரை இறைவனிடம் ஒப்படைக்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஊர் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர்கள் எவையும் அந்த ஏட்டில் ஏறுவதில்லை. பீடத்தின்முன் ஒலிப்பதும் இல்லை.

ஆயினும் ஊர் சூட்டும் பெயர்கள் வலிமை மிக்கவை. அவற்றுள் எளிதில் ஒட்டிக்கொள்வதும் எளிதில் உதிராததும் 'குடிகாரன்' என்னும் பெயராகும். குடிகேடன், மொடாக்குடியன், தண்ணி வண்டி என்று அதற்குக் கிளைப்பெயர்களும் உண்டு. கஞ்சாவுக்கும் போதை மாத்திரைக்கும் ஊசிக்கும் ஆட்பட்ட இளைஞர்க்கு இன்னும் கொடிய பெயர்கள் வழங்குகின்றன. இப்பெயர் உரியவரோடு நின்றுவிடுவதும் இல்லை. 'குடிகாரன் பெண்டாட்டி', 'குடிகாரன் பிள்ளை', 'குடிகாரன் வீடு' என்று மனைவி, மக்கள், வாசற்படி அனைத்தின்மேலும் படிகிறது. மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி மற்றவரோடு சேராமல் ஓரமாய் ஒதுங்கி அமர்வதற்கும், ஓலை வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு திருமணப் பேச்சு முறிந்துபோவதற்கும் இந்த ஒரு சொல் போதுமானதாய் இருப்பதைப் பங்குகளில் பணியாற்றும் நாம் கண்டிருக்கிறோம்.

இத்தகைய சொற்களை விட்டொழித்து, போதைக்கு ஆட்பட்டவரையும் அதிலிருந்து மீள்பவரையும் மதிப்புக்குரிய சொற்களால் குறிக்கவேண்டும் என்று மருத்துவரும் சமூகப் பணியாளரும் இன்று வலியுறுத்துகின்றனர். இது அறத்தின்பாற்பட்ட கோரிக்கையா? அல்லது விரிசல் விட்ட சுவரை மறைக்கப் பூசும் சுண்ணாம்பா? குடியால் சிதைந்த குடும்பங்களின் கண்ணீரை நேரில் கண்டவர்கள் இரண்டாவது ஐயத்தை எழுப்புவது இயல்பே. அந்த ஐயத்தைப் புறந்தள்ளாமல் எதிர்கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

சொல் செய்யும் வேலை

பெயர்ச்சொல் காலம் காட்டாது என்பது நம் இலக்கணம் கற்பிக்கும் விதி. 'குடித்தான்' என்பது வினை. அச்செயலுக்கு ஒரு காலம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. 'குடிகாரன்' என்பது பெயர். அதற்குக் காலம் இல்லை. கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு உறங்கும்போதும் கடைக்காரரே. அவ்வாறே குடிகாரன் என்று பெயர் பெற்றவன் குடியாத நாளிலும் குடிகாரனே. அவன் பத்து ஆண்டுகள் மதுவைத் தொடாமல் வாழ்ந்தாலும், 'அந்தக் குடிகாரன் இப்போது குடிப்பதில்லையாம்' என்றுதான் ஊர் பேசுகிறது. செயல் ஓய்ந்தபின்னும் பெயர் ஓய்வதில்லை.

இச்சொல் செய்யும் மற்றொரு வேலை இதனினும் கொடியது. 'குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு' என்பது நம் நாட்டுப் பழமொழி. பட்டறிவில் பிறந்த மொழிதான். பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் அது யாருடைய வாயை அடைக்கிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். குடியிலிருந்து மீள விரும்புகிறவரிடம் தொடக்கத்தில் இருக்கும் ஒரே பொருள் அவருடைய வாக்கு மட்டுமே. பணம் கரைந்துவிட்டது, உடல் நலிந்துவிட்டது, உறவினர் விலகிவிட்டனர். 'இனிக் குடிக்கமாட்டேன்' என்ற ஒரு சொல்லை மட்டும் கையில் ஏந்தி அவர் வாசலில் நிற்கிறார். அந்தச் சொல்லும் செல்லாக்காசு என்று பழமொழி முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. ஒருவருடைய வாக்கைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லாதபோது, அவர் வாக்குத் தருவதும் நின்றுபோகிறது.

சொல்லுக்கு இத்தனை ஆற்றல் உண்டோ என்று வினவுவோர் உளர். அமெரிக்காவில் மனநலத் துறையில் பயின்று பணியாற்றும் 500க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு, 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரே மனிதரைப் பற்றிய ஒரே விவரம் அவர்களுக்கு இருவகையாக எழுதித் தரப்பட்டது. ஒன்றில் அவர் போதைப்பொருளைத் தீய வழியில் பயன்படுத்துகிறவன் என்னும் பெயரால் குறிக்கப்பட்டார். மற்றதில் போதைப்பொருள் தொடர்பான கோளாறு உடையவர் எனப்பட்டார். ஏனையவை அனைத்தும் ஒன்றே. முதல் சொல்லைப் படித்தவர்கள் அவர்மேல் கூடுதலான பழியைச் சுமத்தினர். அவருக்குத் தண்டனை போன்ற நடவடிக்கை வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தனர். பயிற்சி பெற்ற நெஞ்சங்களையே ஒரு சொல் இவ்வாறு திருப்புமாயின், தெருவோரத் திண்ணையில் அது என்னதான் செய்யாது?

குருமடத்தில் இலத்தீன் பயின்றோர் இதில் இன்னொன்றையும் காண்பர். பண்டைய உரோமையில் கடனைத் தீர்க்க இயலாதவனை, கடன் கொடுத்தவனுக்கே கட்டுப்பட்டவனாக நடுவர் தம் வாய்ச்சொல்லால் ஒப்படைத்துவிடுவார். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவன் 'அத்திக்துஸ்' எனப்பட்டான். போதைக்கு ஆட்பட்டவரைக் குறிக்கும் 'அடிக்ட்' என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து பிறந்தது. அச்சொல்லின் வேர், 'சொல்லுதல்' என்னும் வினை. அவனைக் கட்டிவைத்தது கடன். அக்கட்டை உறுதிப்படுத்தியது நடுவரின் சொல். இன்று மது ஒருவரைக் கட்டுகிறது. ஊர் தன் சொல்லால் அக்கட்டின்மேல் முத்திரை வைக்கிறது.

பாவமா, நோயா?

குடி பாவமா, நோயா என்பது நம் மக்கள் அடிக்கடி கேட்கும் வினா. பாவம் என்றால் கண்டிக்கலாம். நோய் என்றால் மன்னிக்கலாம் என்பது அவ்வினாவின் உட்கருத்து. திருச்சபையின் மரபு இதை இவ்வளவு எளிதாகப் பிரிக்கவில்லை.

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 150ஆம் வினாவை வெறிகொள்ளக் குடித்தலைப் பற்றியே அமைத்தார். தெரிந்தும் விரும்பியும் அளவின்றிக் குடித்து அறிவை இழப்பது பெரும் பாவம் என்றே அவர் கற்பிக்கிறார். ஆனால் அதே இடத்தில், மதுவின் வலிமையை அறியாமல் குடித்து மயங்கியவரிடம் அக்குற்றம் இல்லை என்றும், நோவாவுக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம் என்றும் குறிப்பிடுகிறார். செயலின் வடிவம் ஒன்றாயினும், உள்ளே அறிவும் விருப்பமும் எவ்வளவு இருந்தன என்று பார்த்தே குற்றத்தை அளக்கவேண்டும் என்பது அவர் வழி.

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இவ்வழியே செல்கிறது. உணவிலும் மதுவிலும் புகையிலையிலும் மருந்திலும் அளவு மீறுவதை அதன் 2290ஆம் எண் கண்டிக்கிறது. 1735ஆம் எண்ணோ, அறியாமை, அச்சம், வற்புறுத்தல், பழக்கம், கட்டுமீறிய பற்றுகள் ஆகியவை ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கவோ முற்றிலும் நீக்கவோ கூடும் என்கிறது. பழக்கம் என்ற சொல் அங்கே இடம்பெற்றிருப்பதை நாம் கவனிக்கவேண்டும். செயல் தீயது என்பதும், செய்தவருடைய குற்றத்தின் அளவு இறைவனுக்கே முழுதும் தெரியும் என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் உண்மைகள் அல்ல.

மருத்துவமும் மெல்லமெல்ல இவ்வுண்மையின் மறுபக்கத்தை வந்தடைந்தது. அமெரிக்க மருத்துவர் சங்கம் 1956ஆம் ஆண்டில் குடிக்கு ஆட்படுதலை மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்கவேண்டிய நோய் என அறிவித்தது. நெடுங்காலம் இடைவிடாது குடிப்பவருடைய மூளை, மது உள்ளிருப்பதையே இயல்பு நிலையாக ஏற்றுத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் கை நடுங்குகிறது, வலிப்பு வருகிறது, இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றுகின்றன. மருத்துவ உதவி இன்றேல் உயிரும் போகலாம். 'மனம் வைத்தால் விடலாமே' என்று நாம் எளிதாகச் சொல்வது, இந்நிலையில் உள்ளவரைப் பொறுத்தவரை அறியாமை மட்டும் அன்று, ஆபத்தும் ஆகும்.

நோய் என்பதனால் கடமை நீங்கிவிடுமா? நீங்காது. சர்க்கரை நோயாளிக்கும் கடமை உண்டு: மருந்து உண்ணவேண்டும், நாவைக் கட்டவேண்டும், மருத்துவரை நாடவேண்டும். குடிநோயாளிக்கும் அவ்வாறே. தாம் நோயுற்றது முழுதும் அவர் குற்றமாய் இல்லாதிருக்கலாம்; நலம் தேடுவது அவருடைய கடமையே. ஆனால் பொங்கல் நாளில் ஆசைப்பட்டு இனிப்புண்டு சர்க்கரை ஏறியவரை நாம் பெயர் வைத்து இழிப்பதில்லை. மீண்ட ஒருவர் ஒருநாள் வழுக்கினால் மட்டும், 'நாய் வாலை நிமிர்த்த முடியுமா?' என்கிறோம். பேதுரு மன்னிப்புக்கு ஏழு முறை என்று எல்லை கேட்டபோது, ஆண்டவர் அந்த எல்லையை எடுத்துவிட்டார் என்பது நாம் ஆண்டுதோறும் கேட்கும் நற்செய்தி.

புனித மோனிக்காவின் சான்று

இங்கே வலுவான மறுப்பொன்று எழக்கூடும். சுடுசொல் சிலரைத் திருத்தியதில்லையா? திருத்தியது உண்டு, அச்சான்று நம் புனிதர் ஒருவருடைய வாழ்விலேயே இருக்கிறது.

புனித அகுஸ்தீன் தம் 'ஒப்புதல்கள்' நூலின் 9ஆம் பகுதியில் தம் தாய் மோனிக்காவின் இளமையைப் பற்றிக் கூறுகிறார். பெற்றோர் அவரை மிடாவிலிருந்து திராட்சை இரசம் எடுத்துவர அனுப்புவது வழக்கம். சிறுமி முதலில் விளையாட்டாய் உதட்டில் சிறிது வைத்துப் பார்த்தார். நாளுக்குச் சிறிதாக அது வளர்ந்து, கிண்ணம் கிண்ணமாய்க் குடிக்கும் பழக்கமாயிற்று. உடன் செல்லும் பணிப்பெண் ஒருநாள் சண்டையில், குடிகாரி என்னும் பொருள்படும் சொல்லால் அவரை இகழ்ந்தாள். அச்சொல் தைத்தது. மோனிக்கா தம் நிலையின் இழிவை உணர்ந்து அன்றே அப்பழக்கத்தை விட்டார்.

அகுஸ்தீன் அத்தோடு நிறுத்தவில்லை. அப்பணிப்பெண் மோனிக்காவைப் புண்படுத்த விரும்பினாளேயன்றிக் குணப்படுத்த விரும்பவில்லை என்கிறார். ஒருவருடைய சினத்தைக் கொண்டே இறைவன் மற்றவரின் நோயைத் தீர்த்தார். ஆதலால் தன் சொல்லால் ஒருவர் திருந்தினார் என்று எவரும் தம் ஆற்றலைப் போற்றிக்கொள்ள வேண்டாம் என்று முடிக்கிறார். நன்மை இறைவனுடையது, நோக்கத்தின் கணக்கு பணிப்பெண்ணுடையது.

மேலும் இரு செய்திகளை இந்நிகழ்ச்சியில் நாம் காணலாம். மோனிக்காவின் பழக்கம் இன்னும் தளையாய் இறுகவில்லை. விட நினைத்ததும் விடக்கூடிய நிலையில் அது இருந்தது. அச்சொல் அவர்கள் இருவருக்கு இடையில், தனிமையில் சொல்லப்பட்டது. தெருவில் ஏறவில்லை, சிறுமியின் பெயராய் மாறவில்லை. முள் குத்தி ஒரு கட்டி உடைந்ததென்பதற்காக முள்ளால் குத்துகிறவர் எல்லாரும் மருத்துவர் ஆகார். அம்முள்ளுக்கு உடையாமல் உள்ளே புரையோடிய புண்கள் எத்தனை என்பதை ஒப்புரவு அருளடையாளத்தில் அமர்ந்திருக்கும் அருள்பணியாளர் நன்கு அறிவர்.

தன்மையும் படர்க்கையும்

ஆயின், இச்சொல்லைச் சொல்லவே கூடாதா? இங்கே நம் இலக்கணம் மீண்டும் கைகொடுக்கிறது. ஒரே சொல் தன்மையில் ஒரு பொருளையும் படர்க்கையில் வேறொரு பொருளையும் தருவது உண்டு.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் சிமித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் நலிந்தவர்கள். அச்சந்திப்பில் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் உலகெங்கும் பரவி, தமிழகத்திலும் பல ஊர்களில் கூடுகிறது. சில இடங்களில் நம் ஆலய வளாகங்களே அதற்கு இடம் தருகின்றன. அக்கூட்டத்தில் பேச எழுகிறவர் முதலில் தம் பெயரைச் சொல்வார். பின்பு தாம் ஒரு குடிநோயாளி என்பார். அங்கே அச்சொல் இழிவாய் ஒலிப்பதில்லை. அவர் வாயிலிருந்து அவரே எடுத்துவைக்கும் உண்மை அது. பெயர் முதலில் வருகிறது, நோய் பின்னர் வருகிறது என்பதையும் கவனிக்கவேண்டும்.

நம் திருவழிபாடும் இதையே செய்கிறது. திருப்பலியின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் மார்பில் தட்டித் தம் பாவத்தை அறிக்கையிடுகிறோம். எவரும் அடுத்தவர் மார்பில் தட்டுவதில்லை. ஒப்புரவு அருளடையாளத்தில் பாவி என்ற சொல்லைச் சொல்பவர் மன்னிப்பை நாடி வந்தவர். அருள்பணியாளர் அதைத் திருப்பிச் சொல்வதில்லை. அவர் வாயில் திருச்சபை வைத்திருக்கும் சொல் மன்னிப்பின் சொல். தன்மையில் சொன்னால் அது அறிக்கை; வாசலைத் திறக்கிறது. படர்க்கையில் சொன்னால் அது தீர்ப்பு, வாசலை அடைக்கிறது. எழுத்து மாறவில்லை, வாய் மாறிவிட்டது.

திருநூலின் பக்கங்களிலும் இதைக் காணலாம். சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில், மகப்பேறற்ற அன்னா உதடுகள் மட்டும் அசைய மன்றாடினார். அங்கிருந்த குரு ஏலி அவரைக் குடிவெறியில் இருப்பவர் என்று எண்ணிக் கடிந்துகொண்டார். அது வெறியன்று, நெஞ்சின் துயரம் என்று அன்னா பணிவுடன் விளக்கியபின்னரே அமைதியோடு செல்லுமாறு வாழ்த்தினார். பெந்தெக்கோஸ்து நாளில் தூய ஆவியால் நிறைந்த திருத்தூதரையும் மதுவால் நிறைந்தவர் என்றே சிலர் நகைத்தனர். அனைத்துக்கும் மேலாக, நம் ஆண்டவரையே பெருந்தீனிக்காரன், குடிகாரன் என்று அவர் காலத்தவர் இகழ்ந்ததை மத்தேயுவும் லூக்காவும் மறைக்காமல் எழுதியுள்ளனர். பாவிகளோடு பந்தியமர்ந்ததற்கு அவருக்குக் கிடைத்த பெயர் அது. ஒருவர்மேல் அப்பெயரை எறியும்போது, ஆண்டவர் சுமந்த ஒரு பெயரையே எறிகிறோம் என்பதை நினைக்கவேண்டும்.

பெத்தானியாவில் இயேசுவுக்கு விருந்தளித்த சீமோன் நலமடைந்தவராகவே இருந்திருக்கவேண்டும் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுவர். இன்றேல் அவரது இல்லத்தில் விருந்து நடந்திராது. ஆயினும் அவர் 'தொழுநோயாளர் சீமோன்' என்றே குறிக்கப்படுகிறார். நோய் போயிற்று, பெயர் போகவில்லை. எரிகோவின் இராகாபை, அவர் விசுவாசத்தைப் போற்றுகிற திருமுகங்களும் விலைமகள் என்றே சுட்டுகின்றன. ஆனால் மத்தேயு ஆண்டவரின் மூதாதையர் பட்டியலை எழுதும்போது அடைமொழி எதுவுமின்றி இராகாபு என்று மட்டும் எழுதுகிறார். மீட்பரின் குடும்ப ஏட்டில் ஏறும்போது அவருடைய பெயர் வெறும் பெயராகவே ஏறுகிறது.

குற்றத்தைக் குற்றமென்று சொல்லல்

இவ்வளவும் கேட்டபின், இரவுதோறும் அடிவாங்கிய மனைவி நம்மை நோக்கிக் கேட்கக்கூடும்: 'தாலியை விற்றுக் குடித்தவரை நாங்கள் எப்படி அழைக்கவேண்டும்? எங்கள் வாயையும் கட்டப் போகிறீர்களா?' இக்கேள்விக்கு விடை தராத எந்த அறமும் அறமாகாது.

அவருடைய வாயை யாரும் கட்டவேண்டியதில்லை. மாறாக, அவர் இன்னும் தெளிவாகப் பேசவேண்டும் என்பதே நம் கருத்து. 'என் கணவர் என்னை அடித்தார்', 'பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துச் சென்றார்' என்று நடந்ததை நடந்தபடி சொல்வது உண்மை. தேவையானால் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சொல்லவேண்டிய உண்மை. வினைச்சொற்களுக்கு விடை சொல்லும் பொறுப்பு உண்டு. கண்டனமும் கழுவாயும் உண்டு. பாதுகாப்பின்றி அதே கூரையின்கீழ் இருந்துதான் அவரை மதிக்கவேண்டும் என்றும் எவரும் சொல்லலாகாது.

பட்டப்பெயரோ அவ்வாறு பொறுப்பைக் கேட்பதில்லை. 'அவன் குடிகாரன், அப்படித்தான் இருப்பான். நீதான் பொறுத்துப்போக வேண்டும்' என்று அந்த மனைவியிடமே உறவினர் சொல்லும் ஆறுதலைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். அடித்த குற்றம் அப்பெயருக்குள் மறைந்துவிடுகிறது. இழிப்பதாய்த் தோன்றும் அதே சொல், பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் செய்கிறது. மனிதரைச் சுருக்கியும் குற்றத்தை மழுப்பியும் இருபுறமும் தவறுகிற சொல்லை உண்மைச் சொல் என்று எங்ஙனம் ஏற்பது? மனிதரை அவர் பெயரால் அழைத்து, செயலை அதன் பெயரால் சொல்வதே இரக்கத்துக்கும் நீதிக்கும் ஒருங்கே பொருந்தும் பேச்சு.

வாக்கைப் பெற்றுக்கொண்டவர்கள்

ஆக்ரன் நகரின் புனித தோமா மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தவர் அருள்சகோதரி இக்னேசியா. குடிநோயாளரைச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைகள் முன்வராத அக்காலத்தில், 1939 ஆகஸ்டு மாதம் மருத்துவர் பாப் கேட்டுக்கொண்டபடி ஒருவரை அவர் சேர்த்தார். ஏட்டில் எழுதிய நோய், கடுமையான இரைப்பை அழற்சி. உண்மையான சொல் வாசலை அடைத்ததால் வேறொரு சொல்லின்கீழ் ஒருவரை உள்ளே அழைக்கவேண்டியதாயிற்று. பின்னர் அம்மருத்துவமனையே அவர்களுக்கென வெளிப்படையாக ஒரு பிரிவை அமைத்தது. உண்மைச் சொல்லைச் சொல்லியே உள்ளே வரக்கூடிய வாசல்தான் நாம் வேண்டுவது.

நலமடைந்து செல்வோர் கையில் அச்சகோதரி இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைத் தருவார். மீண்டும் குடிக்க நேர்ந்தால், முதல் கிண்ணத்தைத் தொடுமுன் அதைத் தம்மிடம் கொண்டுவந்து திருப்பித் தரவேண்டும் என்பது உடன்பாடு. பழமொழி செல்லாது என்று தள்ளிய வாக்கை ஒரு துறவி பெற்றுக்கொண்டார் என்பதே அதன் பொருள்.

அயர்லாந்தின் டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட் 1856இல் பிறந்தவர்; பன்னிரண்டு வயதளவில் குடிக்கத் தொடங்கியவர். ஒருமுறை தெருவில் இசைத்துப் பிழைத்தவரின் பிடிலைத் திருடி விற்றும் குடித்தார். 1884இல் ஓர் அருள்பணியாளரிடம் சென்று, மதுவை விடுவதாக வாக்களித்தார். அவ்வாக்கு முதலில் மூன்று மாதத்துக்கு மட்டுமே தரப்பட்டது. பின்னர் வாழ்நாள் முழுவதற்கும் நீண்டது. பிடிலுக்கு உரியவரைத் தேடி அலைந்தும் காணாமல், அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். 1925இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தார். அவர் குடித்ததையோ திருடியதையோ திருச்சபை மறைக்கவில்லை; ஆனால் அவற்றை அவர் பெயராக்கவும் இல்லை.

நம் சென்னையிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980ஆம் ஆண்டில் குடிநோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் சிகிச்சை அளிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை எனத் தம் கணவரின் பெயரையே சூட்டினார். மூடி மறைக்கவேண்டிய மானக்கேடு என்று ஊர் எண்ணக்கூடிய ஒரு பெயரை, நோயுற்றோர் தேடி வரும் வாசலின் பெயராக்கினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நம் தெருவில்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டபோது, 'குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம்?' என்ற பேச்சு தேநீர்க் கடைகள்தோறும் எழுந்தது. உதவித்தொகை பற்றிக் கருத்து வேறுபடலாம். ஆனால் தந்தையை இழந்த பிள்ளைகள் அப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்பதை எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. நஞ்சு விற்றவருக்கு ஊர் ஒரு பட்டப்பெயர் வைக்கவில்லை. 1983இல் தொடங்கி 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் கொண்ட அரசு நிறுவனத்தின் வருவாயில் நம் அனைவருக்கும் பங்கு உண்டு. நமக்கும் பெயர் இல்லை. வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு மட்டுமே பெயர்.

பங்குத் தளத்தில் செய்யத்தக்கவை பெரியவை அல்ல. மறையுரையில் குடியைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். குடித்தவரை நகைப்புக்கு உரியவராக்கும் கதைகளை விட்டுவிடலாம். மறைக்கல்வி ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தந்தையின் பழக்கத்தால் அடையாளம் காட்டாதிருக்கலாம். அன்பியக் கூட்டங்களில், 'திருந்திவிட்டானாம்' என்பதற்கு மாறாக, 'மீண்டு வருகிறார்' என்று சொல்லலாம். பெயர்ச்சொல் காலம் காட்டாது என்றோம். அவ்விதிக்கு விலக்கும் அதே இலக்கணத்தில் உண்டு. குடித்தவர், மீள்பவர், மீண்டவர் போன்ற வினையாலணையும் பெயர்கள் காலம் காட்டும். மனிதர் மாறக்கூடியவர் என்பதை ஏற்றுக்கொண்ட பெயர்கள் அவை.

இன்னுமொன்று, வாக்கைப் பெற்றுக்கொள்ளல். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தோழர்கள் வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கேட்பதில்லை. இன்று ஒருநாள் குடியாதிருப்போம் என்பதே அவர்கள் வழி. விடிந்தால் போய்விடும் என்று பழமொழி எள்ளுகிற அதே கால அளவுதான் அது. விடியும்வரை நிற்கும் வாக்கு ஒன்று போதும். விடிந்தபின் மற்றொன்றைத் தரலாம். அதைத் தர ஒருவர் நம் வாசலுக்கு வரும்போது, நாம் அவரைப் பெயர் சொல்லி உள்ளே அழைத்து, அமரச் செய்து, கேட்டுக்கொள்வோம். அத்திமரத்தில் இருந்தவரைச் 'சக்கேயு' என்று பெயர் சொல்லி அழைத்தவர் நம் ஆண்டவர். அப்போதும் கூட்டம் அவரைப் பாவி என்றுதான் முணுமுணுத்தது. அந்த முணுமுணுப்பில் நம் குரல் சேராதிருக்கட்டும்.